மாடிப்படியில் மூன்று தட்டு

ரெங்கசாமி தன் அறுபத்து நாலு வருட வாழ்க்கையில் யாரையும் ஒளிந்திருந்து பார்த்தவரில்லை. செம்பவாங் கப்பல் பட்டறையில் முப்பத்தோரு வருடம் கிரேன் ஓட்டியவர். எதையும் உயரத்தில் உட்கார்ந்து, ஊரறியப் பார்த்தே பழக்கம். அப்பேர்ப்பட்ட மனிதர் தொப்பியும் முகக்கவசமும் மாட்டிக்கொண்டு, பெற்ற மகளுக்குத் தெரியாமல், ஈசூனில் தன் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே ஒரு தூணின் பின்னால் தினமும் காலை ஏழே முக்காலுக்கு நின்றார் என்றால், அதற்கு ஒரு கையெழுத்துதான் காரணம். அந்தக் கையெழுத்தும் அவருடையதேதான்.

மகள் பெயர் மோகனப்பிரியா. வீட்டில் பிரியா. முப்பது வயது. பிறக்கும்போதே டவுன் சிண்ட்ரோம். சிறப்புப் பள்ளியை முடித்த பிறகு ஒன்பது வருடம் பகல் பராமரிப்பு நிலையம் ஒன்றுக்குப் போய்வந்தாள். காலையில் வேன் வரும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். நல்ல இடம்தான், குறை சொன்னால் நாக்கு அழுகிப்போகும். பாட்டு உண்டு, செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது உண்டு, மணி கோர்ப்பது உண்டு. என்ன ஒன்று, கோர்த்த மணிகளை சாயங்காலம் உருவி டப்பாவில் கொட்டிவிடுவார்கள். மறுநாள் அதே மணிகள், அதே கயிறு. ஒன்பதாவது வருடத்தில் ஒரு நாள் பிரியா டப்பாவை மூடி மேசையின் அந்தப் பக்கம் தள்ளிவிட்டு, "இது நேத்தே முடிச்சாச்சு" என்றாளாம்.

அன்றைக்கு அங்கே வந்திருந்த உமாமகேஸ்வரியின் காதில் அது விழுந்தது. உமாமகேஸ்வரி தொழிற்பயிற்சி நிலையத்தைச் சேர்ந்தவள். உடற்குறையோ அறிவுக்குறையோ உள்ளவர்களை வேலைக்குப் பழக்கி, வேலை பிடித்துக்கொடுத்து, அவர்கள் அங்கே நிலைக்கும்வரை கூடவே இருப்பது அவள் உத்தியோகம். சின்னப் பெண், இருபத்தெட்டு இருக்கும். பேச்சில் தமிழும் இங்கிலீஷும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு வரும், கடைசியில் ஊர் வழக்கமான ஒரு லா ஒட்டிக்கொள்ளும். இப்படிச் சொல்லத் தெரிந்தவளை மணி கோர்க்க விடக்கூடாது என்று சண்டை போட்டுத் தன் பயிற்சிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

அங்கே பிரியா துண்டு மடிக்கக் கற்றுக்கொண்டாள். வெள்ளைப் பலகை ஒன்றில் சிவப்புக் கோடுகள் போட்டிருக்கும். துண்டை அதன்மேல் விரித்து, முதல் கோட்டுக்கு ஒரு மடிப்பு, இரண்டாவது கோட்டுக்கு ஒரு மடிப்பு, பிறகு ஓரம் வெளியே தெரியாமல் உள்ளே ஒரு மடிப்பு. ஆறு மாதத்தில் பலகை தேவைப்படவில்லை. வீட்டிலும் அவள் கையில் எது அகப்பட்டாலும் மடிந்தது. ரெங்கசாமியின் கைலி, கைக்குட்டை, மேசைத்துணி, ஒரு நாள் அவர் படித்துக்கொண்டிருந்த செய்தித்தாள்கூட.

நகரத்துக்குள் தேக்கா மார்க்கெட் பக்கத்தில் நடுத்தரமான ஒரு ஹோட்டல், துணி அறைக்கு ஆள் கேட்டது. மூன்று மாதம் வேலை பார்க்கட்டும், சரியாக வந்தால் நிரந்தரம் என்றார்கள். ஒரே நிபந்தனை, யாரும் கொண்டுவந்து விடக்கூடாது. தானாக வந்து தானாகப் போக வேண்டும்.

ரெங்கசாமிக்கு அந்த வேலை எதற்கு வேண்டியிருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும். மனைவி சந்திரமதி போய் ஆறு வருடமாகிறது. அவருடைய இதயமோ முப்பது சதவீதம்தான் அடிக்கிறது என்று டாக்டர் படம் வரைந்தே காட்டிவிட்டார். படி ஏறாதீர்கள், பாரம் தூக்காதீர்கள், கவலைப்படாதீர்கள் என்றார். முதல் இரண்டையும் விட்டுவிடலாம், கவலையை எப்படி விடுவது? தனக்குப் பிறகு பிரியா எங்கே இருப்பாள் என்று அவர் விசாரிக்காத இடமில்லை. ஒன்று, வெளிவாசல் பூட்டிய இல்லம். போய்ப் பார்த்துவிட்டு வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை. இன்னொன்று, சாதாரண புளோக்கிலேயே ஒரு வீடு. பிரியாவைப் போல நாலு பேர் சேர்ந்து சமைத்து, சாப்பிட்டு, வேலைக்குப் போய்வருவார்கள். மேற்பார்வைக்கு ஒருவர் வந்துபோவார். அதில் இடம் வேண்டுமென்றால் நிரந்தர வேலை இருக்க வேண்டும், தனியாகப் பயணம் செய்யத் தெரிந்திருக்க வேண்டும். ஹோட்டல்காரர்கள் கேட்டதும் அதையேதான். ஆகவே, அந்த பஸ்ஸில் ஏறித் தேக்காவில் இறங்கத் தெரிந்துவிட்டால், பிரியா அவருக்குப் பிறகும் மனுஷியாக வாழ்வாள். அவ்வளவுதான் விஷயம்.

பயணம் பழக்குவதற்கு உமாமகேஸ்வரியிடம் ஒரு முறை இருந்தது. முதல் வாரம் பிரியாவின் பக்கத்தில் உட்கார்ந்து போனாள். இரண்டாவது வாரம் மூன்று இருக்கை தள்ளிப் பின்னால். "டீச்சர் பின்னால இருக்கேன், ஆனா நீங்க திரும்பிப் பாக்கக்கூடாது, ஓகே?" என்று சொல்லிவைத்தாள். மூன்றாவது வாரம் பஸ்ஸில் ஏறாமல் இறங்கும் ஸ்டாப்பில் போய் நின்றாள். நாலாவது வாரம் யாருமில்லை. பிரியாவின் கழுத்தில் ஓர் அட்டை தொங்கும். ஒரு பக்கம் பஸ் எண். அதுவும் பஸ்ஸின் நெற்றியிலிருக்கும் எண்ணும் ஒன்றானால் ஏறு. மறு பக்கத்தில், "என் பெயர் மோகனப்பிரியா. நான் வழி தவறிவிட்டால் இந்த எண்ணை அழையுங்கள்" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதி ரெங்கசாமியின் கைபேசி எண். மழையில் அழியக்கூடாதென்று அவரே தடித்த மையில் எழுதினார்.

நாலாவது வாரம் தொடங்கும்போது உமாமகேஸ்வரி அவரிடம் ஒரு தாளை நீட்டினாள். இன்ன தேதியிலிருந்து மகள் தனியாகப் போகிறாள், குடும்பத்தார் யாரும் கூடப் போகமாட்டார்கள் என்று எழுதியிருந்தது.

"அங்கிள், இதுல ஒரே ஒரு ரூல்தான். நீங்க பின்னாலயே போகக்கூடாது லா. நீங்க அங்க இருந்தீங்கன்னா, அவங்க தானா போறாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியவே தெரியாது."

அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, ஒரு முறைக்கு இருமுறை படித்து, கையெழுத்துப் போட்டார். அந்த நேரத்தில் அவர் மனத்தில் எள்ளளவும் கள்ளமில்லை.

மறுநாள் காலை பிரியா கதவைச் சாத்திக்கொண்டு போனாள். ரெங்கசாமி செய்தித்தாள் வாங்கக் கீழே போனார். செய்தித்தாள் கடை இடது பக்கம். கால் வலது பக்கம் போயிற்று. பஸ் வந்தது, பிரியா ஏறினாள், நாலைந்து பேர் ஏறினார்கள், கதவு மூடப் போகிற நேரத்தில் இவரும் ஏறிவிட்டார். இன்று ஒரு நாள் மட்டும் என்று சொல்லிக்கொண்டார். குடிகாரன் சொல்கிற அதே வார்த்தை.

மாடி பஸ் அது. ஓட்டுநருக்குப் பின்னாலேயே படி. பிரியா எப்போதும் கீழே, இறங்கும் கதவுக்கு எதிரிலுள்ள இருக்கையில், முதுகை நிமிர்த்தி நேரே பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். இவர் ஏறியதும் ஏறாததுமாகப் படியைப் பிடித்து மாடிக்குப் போய்விடுவார். டாக்டர் ஏறக்கூடாது என்ற படிதான். மேலே போனதும் இரண்டு நிமிடம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். பிறகு படியின் மேல் மாட்டியிருந்த வளைந்த கண்ணாடியில் கீழே தெரியும் மகளின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டே முக்கால் மணி நேரம் போவார். அந்த வகிடு கோணலாக இருந்தால் அன்று முழுக்க அவருக்கு மனசு சரியிருக்காது.

தேக்கா வந்ததும் அவள் இறங்குவாள். கூட்டத்தோடு கூட்டமாகக் கடைசியில் இவரும் இறங்கி, ஸ்டாப்பின் விளம்பரப் பலகைக்குப் பின்னால் நின்றுகொள்வார். அவள் சந்து வழியாக நடந்து ஹோட்டலின் பின்வாசலுக்குள் நுழைவது தெரிந்த பிறகு, தேக்கா மார்க்கெட்டில் உட்கார்ந்து சீனியில்லாத ஒரு தே ஓ, அதாவது பால் விடாத தேநீர், குடித்துவிட்டு ரயிலில் வீட்டுக்கு வந்துவிடுவார். சாயங்காலம் கவலையில்லை. துணி அறையின் மேற்பார்வையாளர் சம்சுன்னிசா காலை ஆறு மணிக்கே வேலைக்கு வருபவள். மூன்று மணிக்கு வேலை முடிந்து, பிரியா ஏறும் அதே பஸ்ஸில் ஈசூனுக்குத்தான் போகிறாள்.

ஒரு நாள் இரண்டு நாளாயிற்று, ஒரு வாரமாயிற்று, மூன்று மாதமும் ஓடிவிட்டது. வெள்ளிக்கிழமைதோறும் உமாமகேஸ்வரி, எல்லாம் சரியாகப் போகிறதா என்று கைபேசியில் கேட்பாள். இவர் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புவார். பொய் சொல்ல வாய்கூடத் திறக்க வேண்டியிருக்கவில்லை, பாருங்கள்.

பிரியா ஒரு நாள்கூடத் தவறவில்லை. எண்ணை ஒப்பிட்டுப் பார்த்து ஏறினாள், சரியான ஸ்டாப்பில் மணியை அழுத்தினாள். இரண்டே இரண்டு பழக்கம்தான் ரெங்கசாமிக்கு எரிச்சல் மூட்டியது. மணியை அழுத்திவிட்டு எழுந்ததும், மாடிப்படியின் கம்பியில் பஸ் கார்டு உறையால் டக், டக், டக் என்று மூன்று முறை தட்டுவாள். பக்கத்திலிருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். இன்னொன்று, இறங்கியவள் உடனே நடக்கமாட்டாள். பையின் வாரை இழுத்து, தளர்த்தி, மறுபடி இழுத்து, பஸ் கிளம்பும்வரை அங்கேயே நிற்பாள். மேலதிகாரிகள் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? கூப்பிட்டுக் கண்டிக்க அவருக்கு நாக்கு துறுதுறுத்தது. ஆனால் எப்படிக் கண்டிப்பது? இவர்தான் அங்கே இல்லையே.

ஒரு நாள் பொறுக்கமாட்டாமல், சாப்பிடும்போது பொதுவாகச் சொல்வதுபோல, பஸ்ஸில் சத்தம் போடக்கூடாது, இறங்கியதும் தாமதிக்கக்கூடாது என்றார். பிரியா அவரை நிதானமாகப் பார்த்தாள்.

"எனக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியுமா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாய்க்கொழுப்பில் அப்படியே சந்திரமதி என்று எண்ணிக்கொண்டார். அப்போதெல்லாம் சாயங்காலம் வந்ததும் அவருடைய தொப்பியைத் தட்டி, முகக்கவசத்தை நாலாக மடித்துத் தொப்பிக்குள் வைத்து, செருப்பு அலமாரியின் மேல் வைத்துவிடுவாள். பயிற்சி எவ்வளவு ஒழுங்கைக் கற்றுக்கொடுத்திருக்கிறது என்று அதிலும் அவருக்குப் பெருமை.

மூன்றாவது மாதம் முடிகிற வாரம், உமாமகேஸ்வரி கூப்பிட்டாள். புதன்கிழமை தானும் மதிப்பீட்டாளர் ஒருவரும் தேக்கா ஸ்டாப்பில் நின்று பிரியா வருவதைப் பார்க்கப் போகிறார்கள்; ஹோட்டலில் ஒப்பந்தத் தாள் தயாராக இருக்கிறது; அன்றே கையெழுத்து என்றாள். சம்சுன்னிசா தனக்கு இந்தப் பெண்ணை விட்டால் வேறு கையே இல்லை என்று சொல்லிவிட்டாளாம்.

 போனால் ரெங்கசாமி அகப்பட்டுக்கொள்வார். முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கிவிடலாமா, மாடியிலேயே உட்கார்ந்து தாண்டிப் போய்விடலாமா என்றெல்லாம் யோசித்தார். கடைசியில் அவருக்கே வெட்கமாகிவிட்டது. மூன்று மாதத்தில் அவர் செய்தது என்ன? உச்சந்தலையைப் பார்த்தது தவிர ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. எல்லாம் அவளே செய்தாள். போகாமல் இருப்பதுதான் முறை, எப்போதும் அதுதான் முறையாக இருந்தது என்று முடிவு செய்தார். நல்ல முடிவு. மூன்று மாதம் தாமதமாக எடுத்த நல்ல முடிவு.

அதை மகளிடம் சொல்லவும் வழியில்லை. வருகிறேன் என்று ஒரு நாளும் சொல்லாதவர், இன்று வரமாட்டேன் என்று எப்படிச் சொல்வார்?

புதன்கிழமை ஏழாவது மாடி நடைபாதையில் நின்று கீழே பார்த்தார். பஸ் வந்தது. பிரியா ஒதுங்கி நின்று எல்லோரையும் ஏறவிட்டாள். கடைசி ஆளும் ஏறிய பிறகு இன்னும் கொஞ்சம் நின்றாள். பிறகு ஏறினாள். என்ன மரியாதை என்று மெச்சிக்கொண்டு அவர் உள்ளே போய் சாமி படத்துக்கு விளக்கேற்றினார்.

எட்டே முக்காலுக்குக் கைபேசி அடித்தது. உமாமகேஸ்வரியின் குரல் வேறு மாதிரி இருந்தது. பஸ் வந்தது, பிரியா உள்ளே இருந்தாள், கண்ணாடி வழியாக நன்றாகத் தெரிந்தாள் என்றாள். எழுந்தாள், மணியை அழுத்தினாள், மாடிப்படியின் கீழே போய் நின்றாள். கம்பியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். கதவு திறந்தது, மற்றவர்கள் இறங்கினார்கள். அவள் மாடிப்படியில் ஏறிப் போய்விட்டாள். கதவு மூடிக்கொண்டது.

"நான் ஓடிப் போய்க் கதவத் தட்டினேன் அங்கிள். பஸ் போயிடுச்சு."

 டக், டக், டக் என்று தட்டியது யாருக்கு என்பது அந்த நிமிடமே ரெங்கசாமிக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்ததை அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. தேடலாம், தேடலாம் என்று மட்டும் சொன்னார்.

ஐந்து மணி நேரம் தேடினார்கள். பிரியாவின் கைபேசி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. வழியில் போகும்போது போன் எடுக்கக்கூடாது என்பது பயிற்சியில் சொல்லிக்கொடுத்த விதி. அவள் எந்த விதியையும் மீறாதவள். போலீசில் சொன்னார்கள். பஸ் நிறுவனத்தில் சொன்னார்கள். சம்சுன்னிசா துணி அறையைப் பூட்டிவிட்டு சிராங்கூன் சாலையில் கடை கடையாக ஏறி இறங்கினாள். உமாமகேஸ்வரி ஒரு டாக்சியில் ரெங்கசாமியை ஏற்றிக்கொண்டு அந்த பஸ் போகிற வழியெல்லாம் போனாள். அவர் சன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு ஸ்டாப்பிலும் நிற்கும் ஒவ்வொரு பெண்ணும் பிரியா மாதிரி இருந்தாள், கிட்டப் போனால் இல்லை. கடைசி ஸ்டாப்பின் பெஞ்சும் அவர்கள் போன நேரத்தில் காலியாகத்தான் இருந்தது.

ஒன்றே முக்காலுக்கு ஓர் அழைப்பு வந்தது. அழைத்தவர் ஒலி முகம்மது, அந்த வழியில் பஸ் ஓட்டுகிறவர். தஞ்சோங் பகாரில் கடைசி ஸ்டாப்பில் ஒரு பெண், கழுத்தில் அட்டை போட்டிருக்கிறாள், அதிலிருந்த எண்ணைப் பார்த்துக் கூப்பிடுகிறேன் என்றார்.

உயரமான அலுவலகக் கட்டடங்களுக்கு நடுவே, பஸ் ஸ்டாப்பின் பெஞ்சில் பிரியா உட்கார்ந்திருந்தாள். முகம் சிவந்து, தலைமுடி கலைந்து, வேலைக்குப் போட்டுக்கொண்டு வந்த வெள்ளைச் சட்டை வியர்வையில் நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. ஒலி முகம்மது அவளுக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது மனிதர், எல்லைக்கு அப்பால் ஜொகூரிலிருந்து தினமும் பாலம் தாண்டி வேலைக்கு வருபவர். ரெங்கசாமியைக் கண்டதும் கொஞ்சம் தள்ளி அழைத்துக்கொண்டு போனார்.

"ஐயா, காலைலேருந்து இங்க வர்ற ஒவ்வொரு மாடி பஸ்ஸிலயும் ஏறி, மேல போய்ப் பாத்துட்டு இறங்கிடுது. என் வண்டிலயே ரெண்டு தடவ. நானும் என்னம்மா தொலைஞ்சு போயிட்டியான்னு கேட்டேன். இல்ல, எங்கப்பா தொலைஞ்சு போயிட்டாருன்னு சொல்லுது."

அதனால்தான் அட்டையை யாரிடமும் காட்டவில்லை. நான் வழி தவறிவிட்டால் என்றல்லவா அதில் எழுதியிருக்கிறது. அவள் வழி தவறவில்லையே.

ரெங்கசாமி பெஞ்சருகே போய் நின்றார். பிரியா ஓடிவந்து கட்டிக்கொள்ளவில்லை. தலை முதல் கால்வரை பார்த்தாள். குனிந்து அவருடைய முழங்காலைத் தொட்டாள்.

"படி ஏற முடியலையா?"

அவர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். 

"நான் தட்டினேன். அப்பா இறங்கல. மேல போய்ப் பாத்தேன். அப்பா இல்ல." அவள் உதடு கோணிற்று. "அப்பாவுக்கு எங்க இறங்கணும்னு தெரியாது. நான்தானே தினமும் கூட்டிட்டுப் போறேன்."

உமாமகேஸ்வரி இரண்டடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் ரெங்கசாமியின் முகத்தைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்கவில்லை.

"தினமுமா அங்கிள்?"

"தினமும்தான்மா," என்றார்.

பிரியா சமாதானமாகிவிட்டாள். அப்பா கிடைத்துவிட்டார், இனி வேலைக்குப் போகலாம் என்று பையை மாட்டிக்கொண்டு எழுந்தாள். மணி இரண்டரை ஆகிவிட்டதென்று யார் அவளுக்குச் சொல்வது? ரெங்கசாமிக்கு அந்த நடுவீதியில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. திரும்பிப் பார்க்கக்கூடாது என்று டீச்சர் சொன்னதால் திரும்பிப் பார்க்காமல், பின்னால் வருகிற அப்பாவும் தன்னைப் போலப் பயணம் பழகுகிறார் என்று எண்ணிக்கொண்டு, மூச்சு வாங்கும் கிழவன் படியிறங்க நேரம் கொடுத்துத் தட்டி, அவன் பத்திரமாக இறங்கும்வரை பை வாரை இழுத்துக்கொண்டு நின்று, மூன்று மாதமாக அந்தப் பெண் ஒருவனை வேலைக்குக் கூட்டிப்போயிருக்கிறாள். தனியாகப் போவது என்ன, இன்னொருவரையும் சேர்த்துக் கொண்டுபோகத் தெரிந்தவள் அவள். அது தெரியாமல் போனது ஒருவருக்குத்தான்.

அடுத்த வாரம் பயிற்சி நிலையத்தில் கூட்டம் நடந்தது. ரெங்கசாமி எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னார். தூணை, தொப்பியை, கண்ணாடியை, தட்டலை. மதிப்பீட்டாளர் நல்ல மனிதர், இடையில் குறுக்கிடாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, ஐந்து மணி நேரம் ஒரு பெண் காணாமல் போன பிறகு ஹோட்டல்காரர்களிடம் எந்த முகத்தோடு பேசுவது என்றார். அவர்கள் ஏற்கெனவே பட்டியலில் அடுத்த ஆளைக் கேட்டுவிட்டார்களாம். சம்சுன்னிசா கெஞ்சிப் பார்த்தும் நடக்கவில்லை. பிரியா மறுபடி வரிசையின் கடைசியில் நிற்க வேண்டும். இரண்டு வருடம் ஆகலாம், மூன்றும் ஆகலாம். அதுவரை பழைய பகல் நிலையத்தில் இடம் இருக்கிறது.

இரண்டு வருடம் என்ற சொல் ரெங்கசாமியின் முப்பது சதவீத இதயத்தில் போய் உட்கார்ந்தது.  ஆனால் அவர் கேட்டது வேறொன்று.

"தப்பு என்னோடதுன்னு அதுல எழுதுங்க. அவளால முடியலைன்னு எழுதாதீங்க."

உமாமகேஸ்வரி படிவத்தைத் திருப்பிக் காட்டினாள். பயணம் என்ற இடத்தில் இரண்டே கட்டங்கள் இருந்தன. தனியாக இயலும். தனியாக இயலாது. தகப்பனுக்கென்று கட்டம் எதுவும் இல்லை. அவள் பேனாவை முதல் கட்டம்வரை கொண்டுபோய் எடுத்தாள். பிறகு இரண்டாவது கட்டத்தில் குறியிட்டுவிட்டு, முகத்தைத் துடைத்துக்கொள்ள வெளியே போய்விட்டாள். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

பிரியாவுக்கு எப்படிச் சொல்வது என்றுதான் அவர் அதிகம் பயந்தார். பஸ்ஸில் போக வேண்டாம், வேலை முடிந்துவிட்டது, இனி வேனில் போகலாம் என்றார். அவள் யோசித்தாள். துண்டுகள் இன்னும் இருக்கின்றனவே, தினமும் அழுக்காகி வருகின்றனவே, அது எப்படி முடியும் என்று கேட்டாள். மணிகளைப் போலில்லை அவை என்று அவளுக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அவளே காரணமும் கண்டுபிடித்தாள்.

"அப்பாவால படி ஏற முடியாது. அதானே?"

அவர் தலையாட்டினார். அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார். உண்மையும் அதற்கு வெகுதூரத்தில் இல்லை.

திங்கட்கிழமை காலை புளோக்கின் கீழே வேன் வந்து நின்றது. ஒன்பது வருடம் வந்த அதே வேன், அதே நீல நிறம். பிரியா வெள்ளைச் சட்டைதான் போடுவேன் என்று அடம்பிடித்துப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ரெங்கசாமி அவளைக் கையைப் பிடித்து அழைத்துவந்தார். இனிமேல் தூணுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை.

வேன் கதவு திறந்தது. ஏறப் போனவள் நின்றாள். கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி, அவர் தலை வழியாக மாட்டிவிட்டாள். தொப்பியில் சிக்கிய கயிற்றைப் பொறுமையாக விடுவித்து, அட்டை நேராகத் தொங்குகிறதா என்று தள்ளி நின்று பார்த்தாள்.

"எனக்கு வேன்ல வேணாம். அப்பா தனியா எங்கயும் போகக்கூடாது. தொலைஞ்சு போனா இதக் காட்டணும். ஓகே?"

ஓகே என்றார்.

அவள் சன்னலோரம் உட்கார்ந்து, நேரே முன்னால் பார்த்தாள். வேன் கிளம்பும்போது கண்ணாடியில் மூன்று முறை தட்டினாள். திரும்பிப் பார்க்கவில்லை. மூன்று மாதமாகப் பதில் சொல்லாத மனிதர் கையை உயர்த்தி, வேன் திருப்பத்தில் மறையும்வரை ஆட்டினார்.

பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மார்பில் தொங்கிய அட்டையைத் தூக்கிப் பார்த்தார். நான் வழி தவறிவிட்டால் இந்த எண்ணை அழையுங்கள் என்று அவருடைய கையெழுத்திலேயே இருந்தது. கீழே அவருடைய எண்தான் இருந்தது. வேறு எண்ணை எழுத அவருக்குத் தெரிந்த யாரும் இல்லை.